சைகை டீச்சர் சொல்லாமல் விட்டது

ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தில் அவள் கைகள் பேசும். போர்வைக்கு மேலே இரண்டும் எழுந்து, காற்றில் எதையோ எடுத்து, எதையோ வைத்து, யாருக்கோ பதில் சொல்லிவிட்டு மறுபடி வயிற்றின் மேல் வந்து படுத்துக்கொள்ளும். பஸ் டிரைவரான அவள் கணவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இதை வேடிக்கை பார்ப்பார். கல்யாணமான புதிதில் பயந்தே போய்விட்டாராம். இப்போது பழகிவிட்டது. "இன்னிக்கு யாரோடயோ செம வாக்குவாதம் போல, தலையணையைத் தள்ளி விட்டுட்டே" என்பார் அவள் எழுந்ததும்.

அவள் கனவில் யாரும் வாய் திறப்பதில்லை. பஸ் நிலையம், கடைவீதி, ஆஸ்பத்திரி எல்லாம் வரும். எங்கும் சத்தம் இருக்காது. எல்லோரும் கையால் பேசிக்கொண்டு போவார்கள். கண்டக்டர்கூடக் கையால்தான் திட்டுவார். சன்னமான வெயிலில் ஆயிரம் கைகள் அசைந்துகொண்டிருக்கும் அந்த ஊரில் அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. சும்மா நடந்துகொண்டே இருப்பாள். விழித்த பிறகும் அந்தச் சுகம் கொஞ்ச நேரம் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

விழித்துவிட்டால் வேலை இருக்கிறது. அவள் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேளாத பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் பள்ளி அது. ஆசிரியர் வாயால் சொல்வதை இவள் கையால் சொல்ல வேண்டும். பிள்ளை கையால் சொல்வதை வாயால் சொல்ல வேண்டும். ஆனால் காவலாளி முதல் கேண்டீன்காரர் வரை எல்லோருக்கும் அவள் 'சைகை டீச்சர்'. நான் டீச்சர் இல்லைங்க என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் வேறு. சைகையில் ஒருவரைக் கூப்பிட ஒவ்வொரு எழுத்தாகக் காட்டிக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். அதனால் ஆளிடம் கண்ணில் படும் ஏதோ ஒன்றைப் பிடித்து அதையே பெயராக்கிவிடுவார்கள். மூக்கிலிருந்து சரியும் கண்ணாடியை ஒற்றை விரலால் மேலே தள்ளுவதுதான் அவள் பெயர். வகுப்பில் யாராவது மூக்கைத் தொட்டால்கூட இவள் திரும்பிப் பார்ப்பாள்.

இந்த வேலைக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. பூப்போட்ட உடுப்பு ஆகாது; கை தெளிவாகத் தெரிய அடர்ந்த நிறம்தான் உடுத்த வேண்டும். பிள்ளை 'எனக்குப் புரியவில்லை' என்று கையால் சொன்னால், 'அவளுக்குப் புரியவில்லையாம்' என்று சொல்லக் கூடாது. 'எனக்குப் புரியவில்லை' என்றே சொல்ல வேண்டும். அந்த நிமிஷத்தில் அவள் வாய் பிள்ளையின் வாய். அப்படியானால் அவளுக்கே ஏதாவது சொல்ல வேண்டுமென்றால்? அதற்கும் வழி இருக்கிறது. கையை உயர்த்தி, "மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார்" என்று தன்னையே மூன்றாம் மனுஷியாக வைத்துத் தொடங்க வேண்டும். நாடக வசனம் மாதிரி இருக்கிறது என்று கூச்சப்பட்டு அவள் அதைச் சொன்னதே இல்லை. வெயிலில் கண் கூசினால்கூடப் பொறுத்துக்கொண்டு நிற்பாள்.

வகுப்பு நேரம் அவளுக்குப் பாதித் தூக்கம் மாதிரிதான். ஜன்னல் வெயிலில் சாக்பீஸ் தூள் மிதக்கும். ஒரு காதில் ஏறும் வார்த்தை நேராகக் கைக்கு இறங்கிப் போய்விடும். நடுவில் எங்கும் நிற்காது. கணக்குப் பாடம் பல வருடமாக அவள் கை வழியாகத்தான் போயிருக்கிறது. முக்கோணத்தைப் பற்றி இன்றைக்குக் கேட்டால் மூன்று பக்கம் உண்டு என்பாள், அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் பிறந்த வீட்டில் தொடங்கியது. அவள் அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அப்பா சைகை கற்றுக்கொள்ளவில்லை. நேரமில்லை என்பார், தெருவில் நாலு பேர் பார்க்கக் கையாட்ட வெட்கம் என்பதுதான் நிஜம். அம்மாவுக்கு வா, போ, சாப்பிடு, படு என்ற அளவுக்குத் தெரியும். மிச்சம் அத்தனைக்கும் இந்தச் சின்னப் பெண்தான்.

சாயங்காலம் நால்வரும் சாப்பிட உட்காருவார்கள். "இவனுக்குப் புத்தி எப்பதான் வரும்? ஜன்னல்ல உக்காந்து தெருவைப் பாத்துக்கிட்டே கிழவனாகப் போறானா? கேளு அவன்கிட்ட" என்பார் அப்பா. "இன்னிக்குத் தெருவுல என்ன பாத்தேன்னு அப்பா கேக்கறார்" என்று அவள் கையால் சொல்வாள். அண்ணன் முறைத்துக்கொண்டே, "இவர் மூஞ்சியப் பாத்தா எனக்குச் சாப்பாடே இறங்கல" என்பான். "அண்ணனுக்கு வயிறு நிறைஞ்சிடுச்சாம்ப்பா" என்பாள். சண்டை மூளாது. தட்டில் இருப்பது மட்டும் ஆறிப்போய்விடும். இரண்டு கையும் பேச்சுக்குப் போய்விட்டால் வாய்க்கு எதைக் கொண்டு எடுத்துப் போடுவது? எல்லோரும் எழுந்து கை கழுவிய பிறகு, விறைத்துப்போன சாப்பாட்டை அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். அப்படியே பழகி, இன்றைக்கும் சூடாக எதையாவது வாயில் வைத்தால் அவளுக்குத் திக்கென்று இருக்கும்.

"எங்க வீட்டுல அப்பாவும் அண்ணனும் ஒரு நாள்கூடச் சண்டை போட்டதில்ல" என்று அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். மகன் சாதுவானவன் என்று நம்பியபடியே அப்பா கண்ணை மூடினார். தன் ஆயுளில் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று அவள் உள்ளூர நினைத்திருந்தாள். அந்தத் திறமை இன்னும் கைவசம்தான் இருந்தது. அண்ணன் இப்போது முகம் பார்க்கும் கண்ணாடி வெட்டி விற்கும் கடை வைத்திருக்கிறான். அவள் வீட்டுக் குளியலறைக்கு ஒன்று கொண்டுவந்து அவனே மாட்டிக் கொடுத்தான். கோணலாக மாட்டிவிட்டான். "உங்க அண்ணன் கண்ணாடியில பாத்துச் சவரம் பண்ணினா ஒரு பக்க மீசை மேல ஏறி நிக்குது. பயணிங்க சிரிக்கறாங்க. வந்து சரி பண்ணச் சொல்லு" என்று கணவர் புலம்பாத வாரமில்லை. அண்ணன் வரும்போது அவள் கையால் சொல்வாள்: "கண்ணாடி ரொம்ப அழகா இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்கார்."

இப்போது வகிடைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வகிடு என்பது ஒரு மாணவியின் சைகைப் பெயர். எவ்வளவு சீவினாலும் அவள் தலை வகிடு பாதி வழியில் ஒரு பக்கமாக ஒடிந்து போகும். உச்சந்தலையில் விரலை வைத்துக் கோணலாக இழுத்தால் அவளைக் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். பள்ளிக்கு வந்த நாளிலிருந்து சைகை டீச்சர்தான் அவளுக்கு வாய். இப்போது மேல் வகுப்புக்கு வந்துவிட்டாள். உயிரியல் என்றால் உயிரையே விடுவாள். கைப்பேச்சில் மட்டும் மிளகாய்க் காரம்.

உயிரியல் சார் நல்ல மனுஷர், ஆனால் வாய் ஓயாது. மைக்ரோஸ்கோப்பில் வெங்காயத் தோலை வைத்துவிட்டு, "பாருங்க, இந்தக் கோடு தெரியுதா, அதுக்குள்ள புள்ளி மாதிரி இருக்கா" என்று பேசிக்கொண்டே போவார். மற்றப் பிள்ளைகள் கண்ணை அங்கே வைத்து, காதை இவரிடம் கொடுத்துவிடுவார்கள். வகிடு என்ன செய்வாள்? மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால் டீச்சரின் கை தெரியாது. கையைப் பார்த்தால் வெங்காயத் தோல் போய்விடும். நிமிர்ந்து கையைப் பார்த்து, குனிவதற்குள் மைக்ரோஸ்கோப் அடுத்த பிள்ளையிடம் நகர்ந்திருக்கும்.

"ஒண்ணு பேசுங்க, இல்ல காட்டுங்க. எனக்கு இருக்கறது கண்ணு மட்டும்தான். இந்த வருஷம் ஒரு செல்லைக்கூட நான் முழுசா பாக்கல!" என்று அவள் கைகள் வெடிக்கும்.

டீச்சரின் வாயிலிருந்து வருவது இப்படி இருக்கும்: "சார், முடிஞ்சா இன்னொரு தடவை பாக்கலாமா?"

"ஓ, தாராளமா!" என்று சார் சிரிப்பார். அந்தப் பிள்ளைக்கு என்று மெதுவாக, மழலை வகுப்புக்குச் சொல்வது மாதிரி, திரும்பச் சொல்வார். அப்போதும் பேசிக்கொண்டேதான் காட்டுவார். மறுநாள் மறுபடி கைகள் வெடிக்கும். மறுபடி "முடிஞ்சா இன்னொரு தடவை."

டீச்சர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பாவம், இந்தப் பெண் வாயைக் கொடுத்து வம்பில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்தாள். வார்த்தை அவளைக் கடந்து போகும்போது ஒரு சிட்டிகை சர்க்கரை தானாக விழுந்துவிடும். போட்டோமே என்று அவள் நினைப்பதுகூட இல்லை.

வினை எங்கே முளைத்தது தெரியுமா? சார் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து வருத்தப்பட்டிருக்கிறார். "தங்கமான பொண்ணு. எவ்வளவு பணிவு! ஆனா தினமும் திரும்பத் திரும்பக் கேக்குது. நம்ம வேகம் அதுக்கு ஒத்துவரல." அது தலைமையாசிரியையின் காதுக்குப் போனது. அவருக்கும் மனசு இளகிவிட்டது. மனசு இளகியவர்கள் உடனே ஏதாவது கட்டத் தொடங்கிவிடுவார்கள். மாடியில் பழைய மேஜை நாற்காலி போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, பெயிண்ட் அடித்து, திரைச்சீலை மாட்டினார். அடுத்த பருவத்திலிருந்து காது கேளாத பிள்ளைகளுக்கு அங்கே தனி வகுப்பு, மெதுவான பாடம். ஆய்வுக்கூடத்தைப் படத்தில் காட்டிவிடுவார்கள்.

"பள்ளிக் குழு கூடுது. அந்தப் பொண்ணையே நன்றி சொல்லச் சொல்லலாம்" என்றார் டீச்சரிடம். "அது எவ்வளவு அழகா பேசும்! நீங்களும் பாத்து, நல்லபடியா சொல்லுங்க."

டீச்சர் அந்தச் செய்தியைப் படிக்கட்டுத் திருப்பத்தில் வகிடிடம் சொன்னாள். பள்ளி விட்டு எல்லோரும் போயிருந்தார்கள். பெரிய ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து படியில் விழுந்திருந்தது. வகிடு கடைசி வரை பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அழகா பேசுவேனா? நான் எப்ப அழகா பேசினேன்?"

சைகையில் நீ, நீங்கள் என்பதெல்லாம் முகத்திலும் தலைச் சாய்ப்பிலும்தான் இருக்கும். அன்று அவள் முகத்தில் 'நீங்கள்' இல்லை.

"எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். நான் கத்தறேன், அவர் சிரிக்கறார். நான் திட்டறேன், அவர் தலையைத் தடவிக் குடுக்கற மாதிரி பாக்கறார். என் பேச்சுக்கும் அவங்க மூஞ்சிக்கும் பொருந்தவே இல்ல. அதான் நேத்து சோதிச்சுப் பாத்தேன். 'சார், உங்க சட்டையில பொத்தான் மாத்திப் போட்டிருக்கீங்க, பாடமும் அப்படித்தான் நடத்தறீங்க'ன்னு சொன்னேன். நன்றி சொல்லிட்டுப் போனார். சாயங்காலம் வரைக்கும் பொத்தானை மாத்தவே இல்ல. நீ என்ன சொன்னே?"

டீச்சருக்கு நன்றாக நினைவிருந்தது. 'பாடம் நல்லா இருந்தது சார்' என்று சொல்லியிருந்தாள்.

"உன் நல்லதுக்குத்தான்" என்று மட்டும் கையால் சொன்னாள்.

"அவங்களுக்குத் தெரிஞ்ச அந்தப் பணிவான பொண்ணு யாரு? நான் அவளைப் பாத்ததே இல்ல. அவளுக்குத்தான் ரூம் கட்டறாங்க. அவளே போய் உக்காரட்டும்." "அவங்க சொல்றதை உன் கையில நான் பாக்கறேன். நான் சொல்றது உன் வாயில என்ன ஆகுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் குழு முன்னாடி பேசறேன். நீ சொல்றதா இருந்தா சொல்லு. இல்லேன்னா வேற ஆளைக் கூட்டிட்டு வா. அன்னிக்கு நான் உன்னைப் பாக்க மாட்டேன். அவங்க மூஞ்சியத்தான் பாப்பேன்."

கோணல் வகிடு படியில் இறங்கி மறைந்தது. டீச்சர் அந்த வெயிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது, இத்தனை வருஷம் கையொடிய உழைத்ததற்கு இதுதானா என்று. கோபம் ஆறியதும் பயம் மட்டும் மிஞ்சியது. அந்தப் பெண் பேசப்போவதை அப்படியே சொன்னால் தலைமையாசிரியை என்ன ஆவார்? சொல்லாவிட்டால் அந்தப் பெண் மாடியறைக்குப் போய்விடுவாள். வெங்காயத் தோலைப் படத்தில் பார்ப்பாள்.

வீட்டுக்குப் போகாமல் அண்ணன் கடைக்குப் போனாள்.

அந்தக் கடைக்குள் நுழைவதே ஒரு கனவுக்குள் போவது மாதிரிதான். நாலு சுவரிலும் கண்ணாடிகள் சாத்தியிருக்கும். உள்ளே காலை வைத்ததும் பத்து அண்ணன்கள் நிமிர்ந்து பத்துத் தங்கைகளைப் பார்ப்பார்கள். முதுகைக் காட்டிக்கொண்டுகூட அவனோடு பேசலாம். எந்தக் கண்ணாடியிலிருந்தாவது பதில் வரும். அவன் மேஜை மேல் ஒரு கண்ணாடியைப் போட்டு ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் நேரே பார்க்கத் தைரியமில்லாமல், சுவரில் இருந்த அவன் உருவத்திடம் நடந்ததைச் சொன்னாள். கடைசியில், "நீயும் அப்பாவும் பேசினப்பவும் நான் இப்படித்தான் செஞ்சேன்" என்றாள்.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டான். "தெரியுமே" என்றான்.

"தெரியுமா?"

"எனக்குக் காதுதான் கேக்காது. அப்பா மூஞ்சி எதிர்லதானே இருந்துச்சு? நரம்பு புடைக்க ஒருத்தர் 'இன்னிக்குத் தெருவுல என்ன பாத்தே'ன்னா கேப்பாரு?" எல்லாக் கண்ணாடியிலும் அவன் சிரித்தான்.

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ சின்னப் பொண்ணு. சாப்பிடாம கையாட்டிக்கிட்டு இருப்பே. அழுதுடுவேன்னு விட்டுட்டேன்." பிறகு அவன் கைகள் மிக மெதுவாக எழுந்தன. "ஆனா ஒரே ஒரு தடவையாவது எனக்கு அவரோட சண்டை போடணும்னு இருந்துச்சு. என்ன சொன்னா அவருக்குக் கோபம் வரும்னுகூட எனக்குத் தெரியாது. என்ன சொன்னாலும் அவர் தலையாட்டிட்டு எந்திரிச்சுப் போயிட்டார்."

இதை அவன் குற்றமாகச் சொல்லவில்லை. அது அவளை இன்னும் அதிகமாக வாட்டியது. பத்துக் கண்ணாடிகளில் பத்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

குழு நூலகத்தில் கூடியது. காலை நேரம். புத்தக அலமாரிகளுக்கு நடுவே நாற்காலிகள் போட்டிருந்தார்கள். குழுவினர், சில பெற்றோர், முன்வரிசையில் தலைமையாசிரியை, பக்கத்தில் உயிரியல் சார். தலைமையாசிரியை தன் கையாலேயே மேஜைக்குப் பூ வைத்திருந்தார். வகிடு எல்லோருக்கும் எதிரே நின்றாள். அவள் கை தெரிய வேண்டும் என்பதால் டீச்சர் முன்வரிசை நடுவில் உட்கார்ந்திருந்தாள். கேட்பவர்களுக்கு நடுவிலிருந்துதான் பேச்சு எழும். ஜன்னல் வழியாக வந்த வெளிச்சத்தில் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பது மாதிரித் தெரிந்தது.

வகிடு கைகளை உயர்த்தினாள்.

"இந்த ரூமுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க. சொல்ல மாட்டேன்."

'இந்த அறைக்கு ரொம்ப நன்றி' என்ற வார்த்தைகள் டீச்சரின் நாக்கு நுனியில் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தன. அவற்றை விழுங்கினாள். வகிடு அவளைப் பார்க்கவில்லை. சொன்ன மாதிரியே அவள் தலைக்கு மேலே, பின்வரிசை முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ரூமுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க" என்றாள் டீச்சர். "சொல்ல மாட்டேன்."

தன் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. அலமாரிகள்கூடத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. நாற்காலிகள் கிரீச்சிட்டன. பிறகு கைகள் போன வேகத்துக்குக் குரலும் போனது.

"எனக்கு மெதுவான பாடம் வேண்டாம். என் மூளை மெதுவா ஓடல. சார் பேசிக்கிட்டே காட்டறார். மைக்ரோஸ்கோப்ல கண்ணை வெச்சா என்னால கையைப் பாக்க முடியாது. பேசிட்டுக் காட்டுங்க, இல்ல காட்டிட்டுப் பேசுங்க. அதுக்குத் திரைச்சீலை வேண்டாம், பெயிண்ட் வேண்டாம். கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு நிக்கத் தெரிஞ்சா போதும்."

உயிரியல் சாரின் முகம் சிவந்தது. டீச்சர் எழுந்து வகிடின் பக்கம் போய், அவளுக்குக் கை தெரியும்படி நின்றாள். இனி அவர்கள் பேசுவது இவள் கையில் வர வேண்டும்.

"ஏம்மா," என்றார் சார். குரல் உடைந்திருந்தது. "இதை நீ ஒரு நாளாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"தினமும் சொன்னேன்."

"தினமும் சொன்னேன்" என்றது டீச்சரின் வாய்.

"எப்பம்மா சொன்னே? நான் கேக்கவே இல்லையே!"

வகிடு ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். பக்கத்திலேயேதான் டீச்சர் நின்றாள். அவள் நீட்டவில்லை. டீச்சர் அழுதுவிடுவாள் என்று நினைத்தாளோ என்னவோ, கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

டீச்சர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். பிறகு வலது கையை உயர்த்தினாள்.

"மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார்" என்றாள். நாடக வசனம் மாதிரித்தான் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. வாய் சொல்லச் சொல்ல, கைகளும் வகிடுக்கு அதையே சொல்லிக்கொண்டு வந்தன. "அவ சொன்னது நிஜம். தினமும் சொன்னா. பொத்தானைப் பத்தியும் சொன்னா. மொழிபெயர்ப்பாளர்தான் சொல்லல. கோபமா சொன்னதையெல்லாம் பணிவா மாத்திச் சொன்னாங்க. அந்தப் பணிவான பொண்ணு அவ இல்ல. அது மொழிபெயர்ப்பாளர்."

சாரின் கை தன்னையறியாமல் சட்டைப் பொத்தானுக்குப் போனது.

எல்லோரும் டீச்சரையே பார்த்தார்கள். தலைமையாசிரியை மட்டும் பார்க்கவில்லை. அவர் எழுந்து நின்றிருந்தார். மனசு இளகியவர்களுக்குக் கோபம் வந்தால் பார்க்க வேண்டும். நேரே வகிடைப் பார்த்துக் கத்தினார்.

"அந்த ரூமுக்கு நானே நின்னு பெயிண்ட் அடிக்க வெச்சேன்! திரைச்சீலை நிறம்கூட நான்தான் பாத்துப் பாத்து எடுத்தேன்! ஒரு நன்றி கிடையாது, வாயை மூடுங்கறியா? ஆசிரியர்கிட்ட இப்படித்தான் பேசறதா? திமிர் புடிச்ச பொண்ணே!"

டீச்சரின் கைகள் எழுந்தன. எதையும் விடவில்லை. பெயிண்ட், திரைச்சீலை, நிறம், திமிர், எல்லாவற்றையும் அதே சூட்டோடு, அதே முறைப்போடு, அந்த அம்மாளின் புருவம் ஏறிய மாதிரியே தன் புருவத்தையும் ஏற்றிச் சொன்னாள். வகிடு ஒரு முறை டீச்சரின் கையைப் பார்த்தாள், ஒரு முறை தலைமையாசிரியையின் முகத்தைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தன.

அப்போது அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. பள்ளிக்கு வந்த இத்தனை வருஷத்தில் அவளிடம் எல்லோரும் அன்பாக இருந்திருக்கிறார்கள், பாவம் பார்த்திருக்கிறார்கள். அவள் மேல் கோபப்பட்டவர்கள் யாருமில்லை. வாங்கியது திட்டு, ஆனால் பரிசு வாங்கியவள் மாதிரி நின்றாள். அப்புறம் இரண்டு கையையும் வீசிக்கொண்டு சண்டைக்கு இறங்கினாள்.

சண்டை மதியம் வரை நடந்தது. தலைமையாசிரியை விட்டுக்கொடுக்கவில்லை, வகிடும் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் நின்ற டீச்சருக்குத் தோள் விட்டுப்போனது. கடைசியில் சார்தான் எழுந்து, "பேசறப்ப பேசறேன், காட்டறப்ப காட்டறேன். ஒரு பருவம் பாக்கலாம்" என்றார். தனி வகுப்பு தள்ளி வைக்கப்பட்டது. திரைச்சீலை போட்ட மாடியறையில் இப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆசிரியர்கள் குட்டித் தூக்கம் போடுகிறார்கள். தலைமையாசிரியை பல நாள் டீச்சரின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பேசிய முதல் வார்த்தை, "இனிமே நீங்க எதையும் நல்லபடியா சொல்லாதீங்க" என்பது.

வகிடு மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை. ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் சார் பேச்சை நிறுத்திக்கொண்டு, வாயைப் பொத்தாத குறையாக நின்றார். வகிடு மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். வெகு நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண் ஈரமாக இருந்தது. மூக்கில் இல்லாத கண்ணாடியை விரலால் மேலே தள்ளி டீச்சரைக் கூப்பிட்டு, "நீ பாத்திருக்கியா இதை? வா, பாரு" என்றாள். முகத்தில் 'நீங்கள்' திரும்பி வரவே இல்லை. டீச்சருக்கு அது பிடித்திருந்தது. குனிந்து பார்த்தாள். செங்கல் அடுக்கின மாதிரி கட்டம் கட்டமாக, ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளியோடு, வெங்காயத் தோல் வெளிச்சத்தில் மிதந்தது. இத்தனை வருஷம் கையால் சொல்லியும் அவள் அதைப் பார்த்ததில்லை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சாப்பிட வந்தான். அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு மூவருக்கும் பரிமாறிவிட்டு அவளும் உட்கார்ந்தாள். கணவர் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"மச்சான்கிட்ட அந்தக் கண்ணாடியைப் பத்திக் கேளேன். ஏன் இப்படிக் கோணலா மாட்டினார்னு."

அண்ணன் அவரைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். அவள் கைகள் பழக்க தோஷத்தில் தட்டிலிருந்து எழுந்தன. பாதியில் நின்றன. மறுபடி தட்டுக்கே போயின.

"நீங்களே கேளுங்க" என்றாள்.

"நானா? எனக்கு எங்க தெரியும்?"

"நாள் முழுக்கப் பஸ் ஜன்னல்ல கையை நீட்டிக்கிட்டுத்தானே ஓட்டறீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒரு காலித் தட்டை எடுத்துச் சுவரில் சாய்வாக வைத்துப் பிடித்து, மீசையின் ஒரு பக்கத்தை மேலே தூக்கிக் காட்டி, பஸ்ஸுக்குக் குறுக்கே வந்தவனைத் திட்டுகிற மாதிரி கையை வீசினார். அண்ணன் கண்கள் விரிந்தன. 'அழகா இருக்குன்னு சொன்னதெல்லாம் இதுதானா?' என்று தங்கையை ஒரு பார்வை பார்த்தான். பிறகு தட்டைப் பிடுங்கி நேராக வைத்து, சுவரைக் குத்திக் காட்டி, வீடுதான் கோணல், கண்ணாடி இல்லை என்று பாய்ந்தான். கணவர் எழுந்து நின்றுகொண்டார். அண்ணனும் எழுந்தான். இருவரும் குளியலறைப் பக்கம் கையாட்டிக்கொண்டே போனார்கள். அங்கிருந்து கணவரின் கத்தலும், அண்ணன் சுவரைத் தட்டும் சத்தமும், நடுவில் இருவரும் சிரிப்பதும் கேட்டன.

அவள் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். சாப்பாடு சூடாக இருந்தது. நாக்கைச் சுட்டது.